சிவப்புக் கோடு நின்ற இடம்

கண்ணு,

இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே நீ வாங்கிக் கொடுத்த டேப், அந்தக் கண்ணாடிப் பலகை, இருக்கும். உடையவில்லை, ரிப்பேரும் இல்லை. சார்ஜரையும் கூடவே வைத்திருக்கிறேன். எனக்கு அது வேண்டாம் என்றுதான் திருப்பி அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நாம் இரண்டு பேரும் பேசும் பேச்சு எனக்கு அலுத்துப் போய்விட்டது. "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன் கண்ணு." "அங்க மழைங்களா?" "மழை ஒண்ணுங் காணோம்." ஒரு வருஷமாக இதைத் தாண்டி நாம் எதையும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால்தான் துடியலூர் கடைவீதியில் கோடு போட்ட தாள் வாங்கி வந்து, அறுபத்தெட்டு வயதில் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா அடுக்களையிலிருந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டாள். என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றிய ஒரு விஷயம் எனக்குத் தெரியும் என்று ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டு, உன்னிடம் கேட்காமல் வைத்திருக்கிறேன். என் உடம்பைப் பற்றிய ஒரு விஷயம் உனக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாய் என்று ஒரு மாதமாக உன்மேல் கொதித்துக்கொண்டும் இருந்தேன். இரண்டையும் எனக்குச் சொன்னது இந்தப் பலகைதான். அது சொன்னதை நம்பி நான் என்னென்ன செய்தேன் என்பதை நீ முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதியில் நிறுத்தாமல் படி.

இரண்டு பொங்கலுக்கு முன்னால் நீ இதைக் கொண்டுவந்தாய். "ஏனுங்கப்பா, டிவி ரிமோட்டுக்கு அம்மாகூடச் சண்டை போடாதீங்க. நீங்க பாட்டுக்கு இதுல பாருங்க" என்றாய். வீடியோ பார்க்கும் இடத்தில் உன்னுடைய கணக்கையே போட்டுக் கொடுத்தாய். "எங்கூட்டு டேப்லயும் இதேதாம்ப்பா. ஒரே கணக்குனா உங்களுக்கும் விளம்பரம் வராது" என்றாய். உனக்கு அது ஒரு நிமிஷ வேலை. எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. விளம்பரம் இல்லாமல் பழைய பாட்டு கேட்கலாம் என்று சந்தோஷப்பட்டேன்.

ரிமோட்டுக்காகப் போட்ட அந்தச் சண்டை எவ்வளவு நல்ல சண்டை என்று இப்போதுதான் தெரிகிறது. எட்டு மணிக்கு எனக்குச் செய்தி வேண்டும், அவளுக்கு நாடகம் வேண்டும். கடைசியில் அவள்தான் ஜெயிப்பாள். நான் முணுமுணுத்துக்கொண்டே அதே சோபாவில் உட்கார்ந்திருப்பேன். அந்த நாடகத்தில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். "இவ இன்னிக்கு மாட்டுவா பாருங்க" என்பாள். "எங்க மாட்டறா, இன்னும் ஆறு மாசம் இழுப்பான்" என்பேன். இப்போது நான் கூடத்தில் டேப்போடு இருக்கிறேன். அவள் அடுக்களையில் போனை அஞ்சறைப்பெட்டி மேல் சாய்த்து வைத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். திடீரென்று சிரிக்கிறாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்டால், "அது அப்பவே போயிருச்சுங்க, விடுங்க" என்கிறாள்.

போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது நடந்ததும் மனதில் நிற்கிறது. கூடத்தில் ஐந்து பேர். நீ போனில், மருமகள் சுகன்யா போனில், பாப்பா அவளுடைய டேப்பில், அம்மா அவளுடைய போனில், நான் என் பலகையில். டிவியில் புதுப்படம் ஒன்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் டிவியை நிறுத்தினேன். ஒருவரும் தலை தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை. ஒறம்பரை, சொந்தபந்தம் வந்த வீடு மாதிரியே இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தோம். அன்றைக்கே உங்களைச் சத்தம் போட்டிருக்க வேண்டும். நானும் என் பலகையில் பாதி பார்த்த எதையோ தொடர்ந்து பார்க்கப் போய்விட்டேன். ஒரு காலத்தில் மூன்று மணி நேரப் படத்தை அசையாமல் உட்கார்ந்து பார்த்தவன்தான் நான். இன்றைக்குப் பன்னிரண்டு நிமிஷ வீடியோவை விரலால் தள்ளித் தள்ளி நாலு நிமிஷத்தில் முடிக்கிறேன். முடிவதற்குள் அடுத்தது என்ன என்று அது காட்டிவிடுகிறது. வயிறு நிறைந்ததா என்று கேட்காமல் இலையில் கொட்டிக்கொண்டே இருப்பது பந்தி விசாரணை ஆகாது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். டேப்பைத் திறந்தவுடன் முதல் பக்கத்தில் வரிசையாகப் படங்கள் வருமே, அதில் சிலவற்றின் அடியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். எதுவரை பார்த்து நிறுத்தினார்கள் என்பதற்கு அது அடையாளம். ஆரம்பத்தில் என் பழைய பாட்டுக்களுக்கு அடியில்தான் அந்தக் கோடு இருந்தது. நடுநடுவே நான் பார்க்காத எதெதற்கோ கோடு இருக்கும். கிரிக்கெட், பாப்பாவின் பொம்மைப் பாட்டு, கார் டயர். ஓ, இது என் மகன் வீட்டில் ஓடியது என்று ஒரு நாள் புரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். ஹைதராபாத்தில் உன் வீட்டு ஜன்னல் ஓரமாக நின்று பார்த்த மாதிரி இருந்தது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத் திறந்து, நேற்று நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று பார்ப்பேன். பாப்பா நேற்று பாட்டுக் கேட்காவிட்டால் காய்ச்சலோ என்று அம்மாவைப் போன் பண்ணச் சொல்வேன். அவள் நான் ஏதோ ஜோசியம் கற்றுக்கொண்டதாக நினைத்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் வேறு மாதிரி வர ஆரம்பித்தது. "வேலை போன முதல் மூன்று மாதம்." "முப்பத்தைந்து வயதுக்கு மேல் புதிய வேலை." "இன்டர்வியூவில் இடைவெளியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது." எல்லாம் இங்கிலீஷில். கோடு எல்லாவற்றிலும் முக்கால்வாசி தாண்டியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் பார்த்தபோது இல்லாத வீடியோ பன்னிரண்டு மணிக்குப் பாதி ஓடியிருந்தது. ஆபீசில் இருக்கிறவன் அந்நேரத்துக்கு அதை எப்படிப் பார்ப்பான்? அன்றைக்குப் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, உனக்குப் போன் பண்ணி, "ஆபீஸ் எப்படிக் கண்ணு போகுது?" என்று கேட்டேன். "போகுதுங்கப்பா" என்றாய். அடுத்த வாரமும் கேட்டேன். அதே "போகுதுங்கப்பா."

பொய் சொன்னதற்காக எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் நேராகக் கேட்டேனா? இல்லை. மகனை வேவு பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம் ஒரு பக்கம். நீயாகச் சொல்ல வேண்டும் என்ற வீம்பு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து எனக்கு ஒரு புத்திசாலித்தனத்தைக் கொடுத்தன. நான் பார்ப்பது உனக்கும் வரும்தானே? பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்கள் பேசும் வீடியோக்களை வரிசையாகப் போட்டுவிட்டேன். கோழி வளர்ப்பது எனக்கு ஆசையும் இல்லை, அறிவும் இல்லை. வெளியூரில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து பண்ணை வைத்து நிமிர்ந்த பையன்கள் அதில் பேசினார்கள். அதை நீ பார்த்தால், "அப்பா வீடு திறந்திருக்கிறது, வந்துவிடு" என்று நான் சொல்வது உனக்குப் புரியும் என்று கணக்குப் போட்டேன். வாயால் ஒரு வரி சொல்ல வேண்டியதை நாற்பது கோழிப்பண்ணை வழியாகச் சொன்னேன். பத்து நாள் கழித்து பாப்பா போனில், "தாத்தா, என் டேப்ல ஒரே கோழியா வருதுங் தாத்தா" என்றாள். பின்னால் சுகன்யா சிரிக்கும் சத்தம் கேட்டது. நீ சிரிக்கவில்லை. போனையும் வாங்கவில்லை.

இதை நான் செய்ததுதான் எனக்குப் பெரிய அசிங்கம். ஏனென்றால் நான் அப்படிப் பார்க்கக் கூடாத ஆள். இதற்கு நம் வீடியோ கேசட் கடைக் கதையைச் சொல்லியாக வேண்டும். கடையை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் வருவாய். ஆனால் நீ பிறப்பதற்கு முன்னால் அங்கே நடந்த ஒன்றை உனக்கு நான் சொன்னதில்லை.

வாடகைக்குக் கேசட் எடுத்துப் போகிறவர்கள் பாதிப் பேர் ரீவைண்ட் பண்ணாமல்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அதைச் சுற்றி வைப்பது கடைக்காரன் வேலை. கேசட்டைத் திருப்பி அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். டெக்கில் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். யார் முழுப் படம் பார்த்தார்கள், யார் சண்டையோடு நிறுத்தினார்கள், யார் வீட்டில் பாதியில் யாரோ வந்துவிட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கடைவீதியில் எனக்குத் தெரியாத ரகசியம் இல்லை என்று ஒரு மிதப்பு இருந்தது. பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன், என்ன படம் என்று அடுத்த ஆளிடம் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

அப்போது சாந்தாமணி என்று ஒரு பெண். பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளுடைய அப்பா நம் கடைக்கு எதிரில் லேத் பட்டறை வைத்திருந்தார். அந்தப் பெண் ஒரே வாரத்தில் ஒரே படத்தை மூன்று தரம் எடுத்தாள். காதல் படம். மூன்று தரமும் கேசட் ஒரே இடத்தில் நின்று வந்தது. நடுவில் வரும் ஒரு பாட்டு. தோட்டத்தில் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி ஓடும் பாட்டு. அவளுடைய அப்பா டீ குடிக்க வந்து நின்றபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்கண்ணா, உங்க பொண்ணுக்கு அந்தப் பாட்டு மனப்பாடமே ஆகியிருக்கும்ங்க. மூணு தடவையும் கேசட் அங்கயே நிக்குது" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எந்தப் பாட்டுங்க?" என்று கேட்டார். நானும் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு என் வாயால் கெட்டது நான் இல்லை, அந்தப் பெண். இரண்டே மாதத்தில் பல்லடத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். தையல் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கல்யாணப் பத்திரிகையை என் கடைக்கு அவரே கொண்டுவந்து கொடுத்து, "நல்ல நேரத்துல சொன்னீங்க" என்றார்.

அன்றிலிருந்து கேசட் வந்தால் பார்க்காமலே ரீவைண்டரில் போட்டுவிடுவேன். உன் அம்மாவிடமும் அப்படியே சொல்லி வைத்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாந்தாமணியே என்னை அடையாளம் கண்டு வந்து பேசினாள். தலை பாதி நரைத்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அந்தப் பேச்சை நானே எடுத்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்தப் பாட்டுல அந்தப் புள்ள ஒரு பஃப் கை ஜாக்கெட் போட்டிருக்கும்ங்கண்ணா. அதப் பாத்து வரஞ்சுக்கத்தான் எடுத்தேன். நிறுத்தி வெச்சுப் பாக்கப் பாஸ் போட்டா படம் கெடந்து ஆடும். கை மடிப்பு எத்தனைன்னு எண்ணவே முடியல. அதுக்குத்தானுங்க மூணு தடவை." அவ்வளவுதான். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒரு ஜாக்கெட் கையில் எத்தனை மடிப்பு என்று எண்ணியிருக்கிறாள். "அப்பறம் தெச்சியா அம்மணி?" என்று கேட்டேன். "எங்கீங்கண்ணா, தறிச் சத்தத்துல எல்லாம் போயிப்போச்சு" என்றாள். அன்றைக்குப் பந்தியில் சாப்பிடாமல் எழுந்து வந்ததற்கு உன் அம்மா பஸ்ஸில் வீடு வரைக்கும் திட்டினாள்.

இத்தனையும் பட்டவன்தான் உன் சிவப்புக் கோட்டைத் தினமும் காலையில் திறந்து பார்த்தேன். பட்டும் புத்தி வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம்.

போன மாதம் ஒரு நாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி எதுவும் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. நேராகப் பலகையிடம் போனேன். மைக்கைத் தொட்டு, கூடத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன். பத்து டாக்டர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் கல் என்றார். ஒருவர் வெயில் என்றார். ஒருவர் நான் எழுத விரும்பாத வார்த்தையைச் சொன்னார். அதை நாலாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். வாழைத்தண்டுச் சாறு போதும் என்று சொன்ன ஆளை முழுவதும் பார்த்தேன். எனக்குப் பிடித்ததைச் சொன்னவனை நம்பினேன், அவ்வளவுதான். தினமும் வாழைத்தண்டு வாங்கி வந்தேன். "ஏனுங்க, திடீர்னு தண்டு மேல என்ன ஆசை?" என்று உன் அம்மா கேட்டாள். பலகை அதோடு விட்டதா? நான் ஒரு தரம் பயந்ததைத் தெரிந்துகொண்டு தினமும் அதையே கொண்டுவந்து நீட்டியது. பழைய பாட்டு போன இடம் தெரியவில்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் சிறுநீரகம், கட்டி, கடைசி அறிகுறி. மனிதனாக இருந்தால் ஒருவன் பயந்ததைப் பார்த்தவுடன் பேச்சையாவது மாற்றுவான். இதற்கு அந்த நாகரிகம் இல்லை.

மறுநாள் திறந்தபோது, நான் நாலாவது நிமிஷத்தில் நிறுத்திய அந்த வீடியோவின் அடியில் சிவப்புக் கோடு கடைசி வரைக்கும் போயிருந்தது. நான் அதைத் தொடவில்லை. அம்மாவுக்கு இந்த டேப்பின் பூட்டைத் திறக்கவே தெரியாது. அப்படியானால் உன் வீட்டில் யாரோ அதை முடிவு வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள். நீதான் என்று முடிவு செய்தேன். என் மகனுக்குத் தெரிந்துவிட்டது, இப்போது போன் வரும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் கூப்பிட்டாய். சாப்பாடு, மழை எல்லாம் ஆயிற்று. வைக்கும்போது, "அப்பா, தண்ணி எச்சாக் குடிங்க. வெயில் ஓவரா இருக்கு" என்றாய்.

தண்ணி குடிக்கச் சொன்னாய், கண்ணு. பெற்ற அப்பனுக்கு ரத்தம் போகிறது என்று தெரிந்த மகன் சொல்லும் வார்த்தையா அது? அன்றிலிருந்து உன்னை நான் மனதில் திட்டாத திட்டு இல்லை. நீ நன்றி கெட்டவன், உன்னை வளர்த்த லட்சணம் இது என்று என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டேன். அம்மா உன் பேச்சை எடுத்தால் எழுந்து போனேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது குளிக்கிறார் என்று சொல்லச் சொன்னது நான்தான். சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கோபத்தில் ஒரே ஒரு நல்லது நடந்தது. பலகையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாகத்தான், பஸ்ஸில். ஸ்கேன் பார்த்த டாக்டர், சின்ன வயசுப் பெண், உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்று கேட்டார். "நான் மட்டுந்தானுங்க" என்றேன். "எத்தனை நாளா இப்படி இருக்குங்க?" என்றார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அடுத்த தடவை பையனையோ பொண்ணையோ கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்டப் பேசணும்" என்று தேதி போட்டுக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உக்கடம் போனேன், ரஹீம் பாயைப் பார்க்க. நம் கடை டெக்குகளையெல்லாம் ரிப்பேர் பார்த்தவர், உனக்குத் தெரியும். இப்போது மருமகனோடு போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். என் மகனுடைய கணக்கை இதிலிருந்து எடுத்துவிடுங்கள், அவன் சங்காத்தமே எனக்கு வேண்டாம் என்று டேப்பை மேஜைமேல் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே என்னவோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத் திட்டியதையும் சேர்த்துத்தான். பாய் டேப்பை எடுத்து ஏதோ ஒரு வீடியோவைப் போட்டு, மேஜைமேல் வைத்துவிட்டு டீ சொன்னார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அந்த வீடியோ முடிந்து, அடுத்தது தானாக வந்து, அதுவும் முடிந்து, மூன்றாவது பாதி ஓடியிருந்தது. அவர் அந்த வீடியோவை மூடிவிட்டு முதல் பக்கத்தைக் காட்டினார். மூன்றின் அடியிலும் சிவப்புக் கோடு.

"இதுல நாம எதையாச்சும் பாத்தமுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க பாய்."

"அவ்வளவுதானுங்க. கோடு இருந்தா ஓடுச்சுன்னுதான் அர்த்தம். பாத்தாங்கன்னு யாருங்க சொன்னது? உங்க பேத்திகிட்டயும் இதே கணக்குதானுங்களே. சோறு ஊட்டறப்ப கொழந்தைக்கு முன்னால அது பாட்டுக்கு ஓடியிருக்கும்."

எனக்கு அங்கேயே பாப்பா கண்ணில் வந்தாள். வாயில் தயிர்சாதத்தை ஒதுக்கிக்கொண்டு, டேப்பில் வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் சிறுநீரகப் படத்தைக் காட்டிப் பேசுவதை விழித்துப் பார்த்துக்கொண்டு, கோழி எப்போது வரும் என்று காத்திருக்கிறாள். நீ பக்கத்து அறையில் இருந்திருக்கலாம். உனக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். தண்ணி குடிக்கச் சொன்னாயே, அது வெயிலுக்காகவே சொன்னதாக இருக்கலாம். ஏப்ரல் மாதம் எல்லா மகனும் எல்லா அப்பனுக்கும் சொல்வதுதானே அது. அந்தச் சாந்தாமணியின் அப்பாவை ஊரெல்லாம் முரடன் என்றது. நான் அந்த மனிதனைவிட எந்த விதத்தில் உசத்தி? அவராவது அடுத்தவன் சொன்னதைக் கேட்டு நம்பினார். நான் ஒரு கோட்டைப் பார்த்து நம்பினேன்.

அப்படியானால் உன் வேலை விஷயம்? பஸ்ஸில் வரும்போது அதையும் யோசித்தேன். அந்த வீடியோக்கள் சுகன்யாவுக்காக இருக்கலாம். உன் நண்பன் யாருக்காவது இருக்கலாம். உன் கீழே வேலை செய்கிறவர்களை வேலையை விட்டு அனுப்பும்படி ஆபீசில் உன்னிடம் சொல்ல, அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று நீ பார்த்திருக்கலாம். எனக்குத் தெரியாது. ஐந்து மாதமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. இதை எழுதும்போது கூட உன்மேல் பாதிக் கோபம் மிச்சம் இருக்கிறது. ஒருவேளை நீ உண்மையிலேயே அந்தச் சிறுநீரக வீடியோவைப் பார்த்திருந்தால், பார்த்துவிட்டு என்னை மாதிரியே வெட்கத்திலும் வீம்பிலும் தண்ணி குடிக்கச் சொன்னாயானால், அந்தக் கோபம் உனக்கு உரியதுதான். வாங்கிக்கொள். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்க மாட்டேன்.

பாய் உன் கணக்கை இதிலிருந்து எடுத்துவிட்டார். புதுக் கணக்குப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். கேசட் மாதிரியே பேப்பரில் சுற்றித்தான் கட்டியிருக்கிறேன். பாப்பாவுக்கு இதைக் கொடுக்காதே. அவளுக்குச் சோறு ஊட்டும்போது நீ பேசு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் கோழியைப் பற்றிப் பேசு, எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லித் தருகிறேன். சுகன்யாவும் நீயும் ஒரே படத்தை ஒரே சோபாவில் உட்கார்ந்து, எது பார்ப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு பாருங்கள். நானும் இன்றைக்கு எட்டு மணிக்கு உன் அம்மாவோடு நாடகம் பார்க்கப் போகிறேன். அது முடிந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டை அவளிடம் காட்டிவிடுவேன்.

இனி நான் என்ன பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ என்ன பார்க்கிறாய் என்று எனக்கும் தெரியாது. அதனால் நாற்பது கோழிப்பண்ணை போட்டும் சொல்ல முடியாததை இந்தத் தாளில் எழுதிவிடுகிறேன். தானாக ஓடி முடிய இது வீடியோ இல்லை. நீ படித்தால்தான் இந்த வரிக்கு வருவாய்.

எனக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது. வருகிற இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கூட வர வேண்டும்.

உனக்கு வேலை இருக்கிறதா, கண்ணு?

அப்பா